சாம்பிள் கொடுக்காதவர்

அம்மாவைக் கொன்றது அண்ணிதான் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டான். அண்ணி நர்ஸ், கொரோனா வார்டில் வேலை. அம்மாவோ வாசற்படி தாண்டாதவள். இருவருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தது. அண்ணி பிழைத்துக்கொண்டாள், அம்மா பிழைக்கவில்லை. குணமாகித் திரும்பிய அண்ணியிடம், கதவைத் திறக்காமலே "அங்கயே இரு" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவள் நர்சுகள் விடுதியில் இருக்கிறாள்.

எனக்கு அழுகை வரவில்லை. அம்மா போனதற்கும் வரவில்லை, இதற்கும் வரவில்லை. வைரஸின் மரபணுவைப் படிக்கிற ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. ஆட்கள் செத்துக்கொண்டிருந்த மாதங்களில் எங்களுக்கு வந்து குவிந்தவை குழாய்கள்தான். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரின் மூக்குச்சளி, மேலே ஒரு எண். பார்த்துப் பார்த்து உள்ளே மரத்துப்போயிருந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி, தொட்டால் தெரிந்தது, வலிக்கவில்லை.

சொந்தக்காரர்களுக்கு மட்டும் எல்லாம் வலித்தது. "அந்த வேலைய விட்டுத் தொலைச்சிருக்கலாம்ல உங்க அண்ணி?" என்று துக்கம் விசாரித்த கையோடு கேட்டார்கள். அவர்களுக்கு மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரியில் கட்டில் பிடித்துக் கொடுக்க அதே அண்ணி வேண்டும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் போனை வைத்துவிடுவேன்.

ஒருநாள் அண்ணனே கூப்பிட்டான். "உன் மெஷின்ல போட்டுப் பாரு. அம்மாவோட சாம்பிள், அவளோட சாம்பிள் ரெண்டும் அங்கதானே இருக்கு? அவதான்னு நீ சொல்லிட்டா நான் வக்கீலப் பார்க்கப் போறேன்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா அவ வீட்டுக்கு வரட்டும்" என்றான். முடிவு அப்படி வராது என்ற நம்பிக்கையில் சொன்ன மாதிரி இருந்தது.

எங்கள் வேலையை இப்படிச் சொல்லலாம். வைரஸ் தன்னைத்தானே பார்த்து எழுதிக்கொண்டே பரவுகிறது. எழுதும்போது அங்கங்கே ஒரு எழுத்து தப்பிவிடும். அடுத்த ஆளிடம் போகும்போது அந்தத் தப்பும் கூடவே போகும். பரீட்சையில் காப்பியடித்தவனை விடையை வைத்துப் பிடிக்க முடியாது, தப்பை வைத்துப் பிடிக்கலாம். அதேதான். ஒரே தப்புகள் உள்ளவர்களை ஒரு கிளையில் உட்கார வைத்து மரம் வரைவோம்.

எங்கள் தலைவருக்கு 'வடிகட்டி' என்று பெயர் வைத்திருந்தோம். எந்த முடிவையும் மூன்று தடவை சலித்துத்தான் வெளியே விடுவார். என் வீட்டுச் சாம்பிளை நானே தொடக் கூடாது என்றார். அண்ணி, அண்ணன் இருவரிடமும் சம்மதம் வாங்கச் சொன்னார். வேறொருவர் மெஷினில் போட்டு ஓட்டினார். முடிவு வந்தபோது என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

அண்ணி தன் வார்டு நோயாளிகளோடு ஒரு கிளையில் இருந்தாள். அம்மா அந்தப் பக்கமே இல்லை. ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தது குருவி உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அம்மா இருந்த கிளையை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன், ஏனென்றால் அதை வரைந்தவளே நான். சரக்குக் கிடங்கு ஒன்றிலிருந்து வந்த சாம்பிள்கள் அவை. மூட்டை தூக்குபவர்கள், வண்டி ஓட்டுபவர்கள், காவலாளி. "கிளை அழகா வந்திருக்கு" என்று கூட்டத்தில் பெருமை அடித்திருந்தேன். அந்தக் கிடங்குக்கு அண்ணன்தான் மேற்பார்வையாளர்.

அண்ணன் டெஸ்ட் எடுத்துக்கொள்ளவே இல்லை. அவனுக்கும் வந்தால் கிடங்கையே மூடுவார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்னால் அவனுக்கு உடம்பு வலி இருந்தது. சூடு என்று சொல்லி மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஒவ்வொரு தடவையும் சாம்பிள் தட்டின் ஒரு குழியில் வெறும் தண்ணீர் வைப்போம். தண்ணீரில் வைரஸ் தெரிந்தால் கலப்படம், மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிடுவோம். இத்தனை வருஷமாக அந்தக் குழி சுத்தமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள், அன்று அதில் ஏதாவது இருக்கட்டுமே என்று தேடினேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"சாம்பிள் கொடுக்காதவரைப் பத்தி நாம எதுவும் எழுதுறதில்ல" என்றார் வடிகட்டி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்க அண்ணிகிட்டேருந்து வரல. அது மட்டும்தான் நமக்குத் தெரியும். போய்ச் சொல்லுங்கம்மா."

முதலில் அண்ணியிடம் போனேன். கட்டிலில் உட்கார்ந்து, கிருமிநாசினி பட்டு வெடித்த விரல்களுக்குக் களிம்பு போட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவள் களிம்பு டப்பாவை மூடினாள்.

"அப்போ அம்மாவுக்கு யார்கிட்டேருந்து?"

 நர்சுக்கு இது கூடவா தெரியாது என்று நினைத்தேன்.

"கிடங்குல நிறைய பேருக்கு வந்துச்சுல்ல" என்றாள் மெதுவாக. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர்கிட்ட சொல்லாத."

"என்ன அண்ணி பேசுறீங்க? வக்கீல் வீட்டுக்குப் போக செருப்பு மாட்டிட்டு நிக்கிறான் அவன்!"

"போகட்டும். சாம்பிள் சரியா வரலன்னு சொல்லிடு. பழி என் மேலயே இருந்துட்டுப் போகட்டும்."

"நீங்க எதுக்குச் சுமக்கணும்?"

"எனக்கு மாமியார்தான். அவருக்கு அம்மா" என்றாள். "தாங்க மாட்டாரு."

எனக்குக் கோபம் வந்தது. வெகுநாள் கழித்து வந்த ஒரே உணர்ச்சி அதுதான், அதுவும் யார் மேல் என்று தெரியாமல் அடங்கிவிட்டது. அவளுக்குப் பணிக்கு நேரமாகியிருந்தது. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

விடுதி வாசலில் நின்று அண்ணனைக் கூப்பிட்டேன். சாம்பிள் சரியில்லை என்று சொல்வது சுலபம், எங்களிடம் தினமும் சில சாம்பிள்கள் அப்படித்தான் வீணாகும். ஆனால் அப்படிச் சொன்னால் அவள் இந்த விடுதியிலேயே கிடப்பாள்.

"அண்ணி இல்ல" என்றேன்.

"சரியாப் பாத்தியா?"

"பாத்தோம். அண்ணிகிட்டேருந்து அம்மாவுக்கு வரல."

"அப்போ யாரு?"

"சாம்பிள் கொடுக்காதவங்களப் பத்தி நாங்க எதுவும் சொல்றதில்லண்ணா."

சொன்ன பிறகுதான், எதைச் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. அவன் பக்கம் லாரி ஒன்றைப் பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது. யாரோ ரசீது கேட்டார்கள்.

"எங்க ஆளுங்க சாம்பிளும் உன்கிட்டதான் வந்துச்சா?" என்றான்.

"வந்துச்சு."

 இணைப்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன், போகவில்லை.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன சொன்னா? திட்டினாளா?"

திட்டினாள் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். எனக்குப் பொய் சொல்லக்கூடத் தெம்பு இல்லை.

"உன்கிட்ட சொல்ல வேண்டாம்னாங்க. பழி தன் மேலயே இருந்துட்டுப் போகட்டும்னாங்க."

அண்ணன் அழ ஆரம்பித்தான். அம்மாவைக் கொண்டுபோன அன்றும் அழாதவன், கிடங்கு ஆட்கள் நடுவில் நின்று குரல் விட்டு அழுதான். கூட அழ வேண்டும் என்று நானும் முயன்று பார்த்தேன். எதுவும் வரவில்லை. போனைக் காதில் வைத்தபடி, அவன் முடிக்கும்வரை நின்றேன்.