கோணல் தோள்

எட்வேட்டின் வலக்கையை வாள் மணிக்கட்டோடு துண்டித்ததை, அவனுடைய அண்ணன் அகஸ்ரின் டோர்செட் பார்க் அடுக்குமாடியின் நாலாம் மாடியிலிருந்து கண்டான். இறங்கி ஓடி வருவதற்குள் வெட்டியவன் காரில் போய்விட்டான். கை பனிக்குள் கிடந்தது, விரல்கள் மடங்கியபடி.

"முகத்தைக் கட்டியிருந்தவன் அண்ணை," என்றான் எட்வேட் ஆஸ்பத்திரிக் கட்டிலில். முகத்திலும் அடி. இரண்டு கண்ணும் வீங்கி, கீற்றாகத்தான் திறந்தன. "நீ சனிக்கிழமையில படம் கீறப் பழகிறனிதானே. கண்டதைக் கீறு. பொலிசுக்குக் குடுப்பம்."

அகஸ்ரின் கீறினான். ஜக்கெற் சிப், சப்பாத்து நாடா, வாள்பிடி எல்லாம் வந்தன. ஆள் வரவில்லை. கிழித்தெறிந்தான். சனிக்கிழமை வகுப்பில் படம் பழக்கும் வெள்ளைக்காரி கத்துவது இதற்குத்தான்: கண்ணைப் பாதி மூடு, இருட்டு, இடைநிறம், வெளிச்சம், மூன்று போதும், மிச்சத்தை விடு.

கண்ணைச் சுருக்கி நினைத்துப் பார்த்தான். பனியை வெறும் தாளாக விட்டான். கார்களை ஒரே சாம்பல் பட்டையாகத் தேய்த்தான். ஆளைக் கரியால் ஒரே கட்டியாக அப்பினான். இடத்தோள் மேலே ஏறி, தலை வலப்பக்கம் சரிந்து நின்றது. மாட்டுத்தொடை சுமந்து கோணிய தோள். அகஸ்ரின் வேலை செய்யும் இறைச்சித் தொழிற்சாலையில் தினமும் அவனுக்கு முன்னால் நடக்கிற தோள்.

பின்னால் நின்ற மனைவி கிளடிஸ் சொன்னாள்: "உது எங்கட றொனால்ட்."

அவளுடைய தம்பி.

"ஓம்."

"கலியாண ஹோலில முதல் அவனைப் போத்திலால அடிச்சது உங்கட எட்வேட்தானே. முழுச் சனமும் பாத்தது."

"போத்திலும் வாளும் ஒண்டோடி?"

"தோளை இறக்குங்கோ. ஒரு மீசையை வையுங்கோ. ஆரேன் ஒருத்தன்ர மீசை."

"முகத்தைக் கட்டினவனுக்கு மீசையோ?"

அவள் தாளை இழுத்தாள். அவன் விடவில்லை. அவன் விரலைக் கடித்தாள், பல் எலும்பில் பட்டது. அவன் அடித்த அடியில் அவள் அடுப்போடு மோதி விழுந்தாள். உதடு வெடித்தது.

"அவனைப் பிடிச்சால் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்," என்றாள் நிலத்தில் கிடந்தபடியே. "அங்க ஆமி அவனை உயிரோட விடாது."

அகஸ்ரினின் விரலிலிருந்து இரத்தம் தாளின் வெள்ளையில் சொட்டியது. துடைக்காமல் சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

எட்வேட் வீங்கிய கண்ணின் கீற்றால் பார்த்தான். அப்படிப் பார்க்க அவனுக்கு ஒருவரும் பழக்க வேண்டியிருக்கவில்லை.

"றொனால்ட்," என்றான் உடனே.

தாளைத் திரும்ப நீட்டினான்.

"பொலிசுக்குக் காட்டாதை அண்ணை. அவனை நான் பாக்கிறன். எனக்கு மற்றக் கை இருக்கு."