புகையின் முதற்பலன்

என் வீட்டுக்காரர் கிளாட்வினுக்கு எதில் பொறுமை இருந்தாலும் கடவுளுக்குக் கொடுப்பதில் மட்டும் இருக்காது. ஆலங்குளம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், சூளைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து மெத்தனால் என்கிற எரிபொருளாக மாற்றும் சோதனை யூனிட்டில் அவருக்கு வேலை. முதன்முதலாக நல்ல சரக்கு வந்ததும் ஒரு பாட்டில் கேட்டு வாங்கினார். 'விஷம், குடிக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டி, ராஜபாளையத்தில் எங்கள் சபையில் முதல் விளைச்சலைக் கடவுளுக்குப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு முதற்பலனாகப் பீடத்தில் வைத்துவிட்டார். பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவே விஷம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

ஆராதனை முடிகிற நேரத்தில் அவருக்குப் போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"கம்ப்ரசர் நின்னுபோச்சு வின்சி. டேங்க்ல இருந்ததுல பூரா தண்ணி கலந்துபோச்சாம். மெத்தனால் வாங்குற கம்பெனிக்காரங்க நாளைக்கு வாராங்க, டெஸ்ட் பண்ண முதல் ஓட்டத்துச் சாம்பிள் வேணும்னு. இப்ப அந்தப் பாட்டில் ஒண்ணுதான் இருக்கு."

டெஸ்ட் தேறினால் யூனிட் பெரிதாகும், இவர் இங்கேயே இருப்பார். இல்லையென்றால் மறுபடி மஸ்கட். ஏழு வருஷம் அங்கே கிடந்தவர் திரும்பி வந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

"போதகர்ட்ட கேளுங்க."

"பீடத்துல வச்சத எப்படிட்டி திருப்பிக் கேக்க?"

கேட்க முடியாது, ஏலத்தில் எடுக்கலாம். காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுவது எங்கள் வழக்கம். விளையாட்டுக்கு விலையை ஏற்றி உறவுக்காரரை மாட்டிவிடுவதும் வழக்கம்தான். நான் ஒரு விலை கேட்டதுமே என் தம்பி பெனின் ஏற்றினான். நான் ஏற்ற, அவன் ஏற்ற, சபையே சிரித்தது. கையிலிருந்த பணம் எட்டும் மட்டும் கேட்டுவிட்டேன். அவன் மறுபடியும் வாயைத் திறந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏலே பெனின், விளையாடாத. அது போச்சுன்னா அத்தான் மஸ்கட்டுக்குப் போயிருவாக. இன்னொரு தடவ என்னால தனியா இருக்க ஏலாதுலே."

பெனின் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். போதகர் அவசர அவசரமாக மூன்று தரம் சொல்லிப் பாட்டிலை என்னிடம் கொடுத்தார்.

கிளாட்வின் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். பாட்டிலைப் பார்க்கவேயில்லை. ஏழு வருஷமும் போனில் 'நான் நல்லாருக்கேன்' என்று மட்டுமே சொன்னவள் நான்.

"ஏட்டி, இத ஏன் எங்கிட்ட ஒரு நாளும் சொல்லல?"

"சொன்னா வேலைய விட்டுட்டு வந்திருப்பீகள்ல."

அத்தனை பேர் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டெஸ்ட் என்னமும் ஆகட்டும். நான் போகல."