கழிவே இல்லாத ஆலை

தவுனோவின் இடது கண்ணைத் தின்ற அமிலம் யாருடையது என்று அந்த ஏரிக்கரை ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாது என்று சாதித்தவர்கள் உலோகப் பூச்சு ஆலைக்காரர்கள் மட்டும்தான்.

இர்மெலி குப்பை லாரி ஓட்டுபவள். தவுனோ பின்னால் நின்று தொட்டிகளைக் கவிழ்ப்பவன். புருஷன் பெண்டாட்டியைவிட அதிகமாகச் சண்டை போட்டுக்கொண்டு, வருடக்கணக்கில் ஒரே லாரியில் போய்வந்தவர்கள். போன இலையுதிர் காலத்தில் ஆலையின் தொட்டியைக் கவிழ்த்து, லாரிக்குள் குப்பையை நசுக்கும் தகடு இறங்கி அழுத்தியபோது, அட்டைக் குப்பைக்குள்ளிருந்து ஒரு கேன் வெடித்துப் பீய்ச்சியடித்தது. தவுனோ கத்திய கத்தலில் இர்மெலி கதவைத் திறந்தபடியே குதித்தாள். கைக்குக் கிடைத்த தண்ணீரையெல்லாம் அவன் முகத்தில் ஊற்றினாள். ஒரு கண் பிழைத்தது.

"எங்கள் அபாயக் கழிவு பூட்டி வைக்கப்பட்டு, தனி வண்டியில்தான் போகிறது. எவனோ வேலி தாண்டி வந்து எங்கள் தொட்டியில் போட்டிருக்கிறான்" என்றது ஆலை. போலீஸ் தேடியது. வேலி தாண்டியவன் அகப்படவில்லை. வழக்கு தூங்கிப்போயிற்று.

மார்ச் மாதம், ஏரி இன்னும் உறைந்துகிடந்தது. காலையில் லாரியின் ரேடியோ அந்தச் சேதியைச் சொன்னது. அபாயக் கழிவை ஒரே வருடத்தில் பாதியாகக் குறைத்ததற்காக அந்த ஆலைக்கு விருதாம். கழிவே இல்லாத ஆலையை நோக்கி முதல் அடியாம். இன்று விருந்தாளிகள் வந்து சுற்றிப் பார்க்கிறார்களாம்.

இர்மெலி ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பூச்சு வேலை குறையவில்லை. அமிலத் தொட்டிகள் குறையவில்லை. அப்படியென்றால் குறைந்த பாதி எங்கே போயிற்று? அவளுக்குத் தெரியும். அதில் கொஞ்சம் தவுனோவின் முகத்துக்குள் போயிற்று.

"பெர்கெலே" என்று திட்டிவிட்டு வண்டியை எடுத்தாள்.

ஆலை முற்றத்தில் அவள் தொட்டியைத் தூக்கவில்லை. கையுறையும் முகக் கவசமும் மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்து, பைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பனியில் பரப்பினாள். காப்பி இடைவேளைக்கு வெளியே வந்த தொழிலாளிகள் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மேலாளர் யோர்மா, கோட்டுகூடப் போடாமல் மெல்லிய தோல் செருப்பில் வழுக்கிக்கொண்டே ஓடிவந்தான்.

"என்ன கூத்து இது இர்மெலி? உள்ள விருந்தாளிங்க இருக்காங்க."

"இருக்கட்டுமே. அவங்க ஆலையப் பாக்குறாங்க, நான் குப்பையப் பாக்குறேன்."

"அள்ளிட்டுப் போறதுதான் உன் வேலை."

"அள்ளிட்டுப் போனதுக்குத்தான் தவுனோ ஒரு கண்ணக் குடுத்தான். இன்னொண்ணு பாக்கி இருக்கு. அதையும் கேக்குறியா?"

அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்தாள். உள்ளே கறுப்புப் பை. பைக்குள் பெயர்ச்சீட்டு கிழிக்கப்பட்ட கேன்கள் வரிசையாக இருந்தன. ஒன்றின் அடி கசிந்து, சொட்டு விழுந்த இடத்தில் பனி சீறிப் புகைந்தது. இர்மெலி பின்வாங்கிப் போனை எடுத்தாள்.

"யாரைக் கூப்பிடுற?"

"தீயணைப்புக்காரங்கள."

"வை. பேசித் தீத்துக்கலாம்."

"குளிர்காலம் பூரா நீதானே பேசுன. இப்ப நான் பேசுறேன்."

சைரன்கள் வந்தன. ஆலை மொத்தமும் காலியானது. விருந்தாளிகள் கழுத்துப்பட்டையும் பளபளக்கும் காலணியுமாக வேலிக்கு வெளியே நடுங்கிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தர் கையில் கேக் துண்டுகூட இருந்தது. யோர்மா தீயணைப்பு அதிகாரியிடம் போய், "வெளியாள் வேலைதான். இந்த வேலிய எத்தன தடவ சரி பண்ணாலும்..." என்று ஆரம்பித்தான்.

"எந்த வேலி?" என்று ஒரு குரல் வெடித்தது. கிடங்கில் வேலை செய்யும் ஸிர்க்கா. "நான்தான் கட்டிப் போட்டேன். ஒவ்வொரு வாரமும். சீட்டக் கிழி, அட்டைக்குள்ள வையின்னு நீதானே சொன்ன? இப்ப வேலியச் சொல்ற!"

கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய இர்மெலிக்கு உச்சந்தலை வரை கொதித்தது. நேரே ஸிர்க்காவிடம் போனாள்.

"போலீஸ் வந்து கேட்டப்ப உன் வாயில என்ன இருந்துச்சு? பன்னா?"

"வேலை போயிரும்னு பயம், இர்மெலி."

"அவனுக்குக் கண்ணே போச்சுடி."

ஸிர்க்கா அழுதாள். இர்மெலி அவளைத் தேற்றவில்லை. தேற்ற முடியவில்லை என்பதுகூட இல்லை, அவளுக்கு மனமில்லை.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. விருது பறிபோனது. யோர்மா மேல் வழக்கு பாய்ந்தது. தலைநகரத்து முதலாளிகள், "இது தனி ஒருவரின் தவறு, எங்களுக்கே அதிர்ச்சி" என்று அறிக்கை விட்டு, புது மேலாளரை அனுப்பினார்கள். இர்மெலியின் கம்பெனி அவள் செய்தது சரிதான் என்று சொல்லி, அந்தப் பாதையிலிருந்து அவளை மாற்றியது.

அறிக்கை வந்த அன்று மாலை அவள் தவுனோவின் வீட்டுக்குப் போனாள். அடுப்பில் சின்ன மீன்கள் வெண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தன. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன், "யாராச்சும் மன்னிப்புக் கேட்டாங்களா?" என்றான்.

"வக்கீலக் கேட்டுட்டுச் சொல்றாங்களாம்."

தவுனோ சிரிக்கவில்லை. அவளுக்குக் காப்பி ஊற்ற எழுந்தான். ஒற்றைக் கண்ணுக்குக் கோப்பையின் தூரம் பிடிபடவில்லை. காப்பி விளிம்பைத் தாண்டி மேசை விரிப்பில் கொட்டி, ஓரமாக வழிந்து தரையில் சொட்டியது. இர்மெலி துணியை எடுத்தாள்.

"வை அதை. நானே தொடைக்கிறேன்."

அவன் துடைத்தான். ஒரு பக்கம் விட்டுப்போயிற்று. இர்மெலி அதைச் சொல்லவில்லை. மேசைக்கடியில் இரண்டு கைகளையும் இறுக மூடிக்கொண்டு, அவன் துடைத்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.