மேலே மூன்று வரி

அச்சகத்தில் முப்பத்தெட்டு வருஷம் பிழை திருத்தினேன். என் பேனாவைக் கண்டால் ஒற்றெழுத்துகள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும். நான் ஓய்வு பெற்ற அன்று ஊரிலுள்ள பிழைகளெல்லாம் கூடி விருந்து வைத்துக் கொண்டாடியதாகக் கேள்வி. தொழிலில் எனக்கு ஒரே சட்டம்தான்: ஒரு வரியில் சந்தேகம் வந்தால், மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி படிக்காமல் கை வைக்கக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லியே தங்கைக்குக் காது புளிக்க வைத்திருக்கிறேன்.

தங்கை தையல்காரி. பத்து மாதம் முன்பு அவளுடைய ஒரே மகள் காய்ச்சலில் போய்விட்டாள். அன்று மூடிய கடையை இந்த வாரம்தான் திறந்தாள். நடுவில் அவள் அழுது நான் பார்க்கவில்லை. தட்டில் போட்டால் சாப்பிடுவாள், போடாவிட்டால் கேட்க மாட்டாள். என் புளுகுகளுக்குச் சிரிக்கிற ஒரே ஆள் அவள்தான். இப்போது சுவருக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடையை ஜெபித்துத் திறந்துவைக்கச் சபையின் பாஸ்டர் வந்தார். நான் அவருக்கு வைத்த பெயர் சூறாவளி. மைக் இல்லாமல் பேசினாலே மூன்று தெரு தள்ளி ஈரத்துணி காய்ந்துவிடும். அவர் பைபிளில் யோபு புத்தகம் எட்டாம் அதிகாரம் ஏழாம் வசனத்தை வாக்குத்தத்தமாக, அதாவது கடவுள் தரும் உறுதிமொழியாக, கொடுத்தார். ஆரம்பம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும் என்கிற வசனம். கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு என்று அதை நான் ஒரு கோடி தடவையாவது திருத்தியிருப்பேன். கர்த்தரே தங்கச்சியிடம் இதைச் சொல்கிறார், போர்டிலேயே எழுதிவிடுங்கள் என்றார். வாசலில் ஏணிமேல் நின்றிருந்த பெயிண்டர் உடனே பிரஷைச் சிவப்பில் தோய்த்தார்.

எனக்கு நாக்கு நமநமத்தது.

"பாஸ்டர், அதச் சொன்னது கர்த்தர் இல்லையே. யோபுவோட கூட்டாளி பில்தாத்."

"யார் சொன்னா என்னய்யா, வேதத்துல இருக்குல்ல?"

"சாத்தான் பேசினதும்தான் வேதத்துல இருக்கு. அத எந்தக் கடைக்குக் குடுக்கப் போறீங்க?"

பெயிண்டர் ஏணியோடு குலுங்கினார். சூறாவளிக்கு முகம் சிவந்துவிட்டது. சரி, பில்தாத் அப்படி என்னதான் தப்பாகச் சொல்லிவிட்டான், சொல்லுங்களேன் என்றார்.

இப்படி ஒருத்தர் கேட்க மாட்டாரா என்று எத்தனை வருஷம் காத்திருக்கிறேன்! வாயைத் திறந்தேன். சரியாக மூன்று வசனம் மேலே, நான்காம் வசனம், கண்முன் வந்து நின்றது. பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் யோபுவிடம் அந்த ஆள் சொல்கிறான்: உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான தண்டனைதான் இது. அந்தக் குத்தலின் வால்தான் இந்த வாக்குத்தத்தம்.

தங்கை மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

வயசாகிவிட்டது, மறந்துபோச்சு என்றேன். முப்பத்தெட்டு வருஷத்தில் செய்யாததைச் செய்தேன். ஒரு பிழையைத் தெரிந்தே விட்டேன்.

ஜெயித்த தெம்பில் சூறாவளி நீளமாக ஜெபித்துவிட்டுப் போனார். எழுதிவிடலாமா என்று பெயிண்டர் குரல் கொடுத்தார். கடைப் பெயர் மட்டும் போதும் என்றாள் தங்கை. நான் அவளைப் பார்த்தேன்.

"இந்த வசனம்தான் தரப்போறேன்னு போன வாரமே சொன்னாரு. மேல மூணு வரி படிச்சேன். நீதானே சொல்லிக் குடுத்த."

அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. எனக்கும் எதுவும் வரவில்லை. மரத்துப்போன காலைத் தரையில் ஊன்றியதுபோல இருந்தது.

"கோவம் வரலையா?"

"எழுத்தாத்தான் தெரிஞ்சது, அண்ணா. வேற ஒண்ணும் தெரியல."

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்துக்கு ஓடினேன். நீங்கள் பேசியது சரியில்லை என்று கர்த்தர் அந்தக் கூட்டாளிகளிடம் கோபப்பட்டதையும், ஏழு காளையும் ஏழு ஆட்டுக்கடாவும் யோபுவிடம் கொண்டுபோய்ப் பலியிடச் சொன்னதையும், அவர்களுக்காக யோபுதான் வேண்டிக்கொள்ள வேண்டும் என்றதையும் சொன்னேன். காளையை ஏழாயிரம் ஆக்கிப் பார்த்தேன். அவள் உதடு அசையவில்லை.

பாபின் நூலை அறுத்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப பாஸ்டருக்காக நான்தான் ஜெபம் பண்ணணுமா?"

"கணக்குப்படி அப்படித்தான் வருது."

பாபினை உள்ளே போட்டு மூடினாள். அலமாரி நிறைய மடித்து, பெயர்ச் சீட்டுக் குத்தி வைத்திருந்த துணிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவங்க எல்லாரும் பத்து மாசமா காத்திருக்காங்க. அவரு வரிசைல வரட்டும்."

முதல் துணியை எடுத்து மிஷினில் வைத்தாள்.