பட்டன் டயரின் தடம்

புது டயரின் ஓரத்தில் மீசை போல நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் முடிகளைப் பிடுங்கப் போன அக்காவின் கையைத் தம்பி தட்டிவிட்டான்.

“விடுக்கா. அது தானா உதிரணும். மீசை வச்ச டயர் யாருக்குக் கிடைக்கும்?”

“இருக்கட்டும் இருக்கட்டும். உனக்குத்தான் ஒழுங்கா முளைக்கல, அதுக்காவது முளைச்சிருக்கே.”

சமையலறைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியிருந்தார்கள். மணி பன்னிரண்டாகப் போகிறது. இரண்டு மணிக்கு அவனுக்குக் குன்றுக்கு அந்தப் பக்கம், நீரேற்று நிலையத்தில் வேலை. தார்ச் சாலையில் சுற்றிப் போனால் பதினோரு கிலோமீட்டர். குன்றின் மேல் ஒற்றையடிப் பாதையில் போனால் நாலே நாலு. ஆனால் மூன்று வாரமாய் விடாத குளிர்கால மழையில் அந்தப் பாதை கூழாகிக் கிடந்தது. போன வாரம் மட்டும் மூன்று முறை விழுந்து, சேறு அப்பிய முகத்தோடு வீட்டுக்கு வந்தான். கேட்டால் அழகு சிகிச்சை என்றான்.

அதனால்தான் முந்தின நாள் மாலை இருவரும் சைக்கிள் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் சட்டைப் பையில் எப்போதும் ஓர் இரும்பு ஸ்கேல் இருக்கும்; ஸ்கேல் அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் இரண்டு ஜோடி டயர்களை எடுத்துப் போட்டார். ஒன்று தடியானது, மேலே துருத்திய ரப்பர் பட்டன்கள் தாழ்வாக, நெருக்கமாக இருந்தன. இன்னொன்று ஒல்லி. அதில் பட்டன்கள் உயரமாக, ஒன்றுக்கொன்று விலகி நின்றன.

தம்பிக்குத் தடியன் மேல்தான் கண். “பார்க்கவே கம்பீரமா இருக்குல்ல?”

“கம்பீரத்தைக் காட்டிச் சேத்தை மிரட்டப் போறியா? ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவுல இடமே இருக்காது. சேறு அடைச்சுக்கிட்டுச் சக்கரம் நின்னுடும்.”

“ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுறவ சொன்னா அப்பீல் ஏது?” என்றான். அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. மில்லிமீட்டர் பிசகாமல் லென்ஸ் பொருத்துகிற கை.

ஸ்கேல் அண்ணன் பட்டனை அளந்து காட்டினார். “அக்கா சொல்றது சரிதான். இடைவெளி இருந்தா சேறு தானா தெறிச்சிடும். ஆனா ஒண்ணு, ஈர மரத்துல இது சோப்புக்கட்டி மாதிரி. வழியில மரப்பாலம் இருக்கே?”

“பாலம் பத்தடிண்ணா. சேறு நாலு கிலோமீட்டர்,” என்றாள் அக்கா. ஒல்லி டயரையே கட்டச் சொன்னாள்.

இப்போது டயரை மாட்டிக் காற்றடித்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக் கொஞ்சம் இறக்கியும் விட்டாள். வாசலில் அவன் ஹெல்மெட் வாரை இறுக்கும்போது இன்னொரு தடவை சொன்னாள்.

“பாலத்துல வீரம் காட்டாதடா. இறங்கித் தள்ளிட்டுப் போ.”

“உத்தரவு, மகாராணி.”

அவன் பாலத்தில் இறங்கியதே கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

இரண்டே கால் மணிக்கு நீரேற்று நிலையத்திலிருந்து போன் வந்தது. மேற்பார்வையாளர்தான் பேசினார். “தம்பி கிளம்பிட்டானாம்மா? நேரம் தவற மாட்டானே. போனும் எடுக்கல.”

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். குன்றடியிலேயே தடம் தெரிந்தது. ஆழமாக, விலகி விலகிப் பதிந்த பட்டன்கள். முந்தின வாரம் அவன் சறுக்கிய ஏற்றத்திலும் தடம் நேராகவே போனது. அந்த நேரத்திலும் அவளுக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. பிறகு அதற்காகவே தன்னைத் திட்டிக்கொண்டாள். தடம் இருக்கிற வரைக்கும் அவன் இருக்கிறான் என்று மனசு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டது. ஒவ்வொரு வளைவிலும் முதலில் தரையைத்தான் பார்த்தாள்.

பாலத்துக்கு அருகே வந்ததும் நின்றாள். பாலத்தின் நடுவில் கைப்பிடிக் கட்டை இல்லை. கீழே ஓடையில் சைக்கிள் கவிழ்ந்து கிடந்தது. முன்சக்கரம் மட்டும் தண்ணீருக்கு மேலே. எதிர்க்கரையிலிருந்து நிலையத்து ஆட்கள் இருவர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கை நீட்டிக் கத்தினார். “ஏறாதம்மா! அங்கேயே நில்லு!”

சோப்புக்கட்டி. அவள் காதில் அந்த ஒரு சொல்தான் கேட்டது. பத்தடிதானே என்று சொன்னவள் அவள்தான்.

கீழே பார்க்கத் துணிவில்லாமல் காலடியைப் பார்த்தாள். பாலத்தின் வாயில் டயர்த் தடம் நின்று, மறுபடி மெல்லக் கிளம்பியிருந்தது. அதன் இடப்பக்கத்திலேயே ஷூ தடம். குதிகால் ஆழப் பதிந்து, ஒன்று, இரண்டு, மூன்று. இறங்கியிருக்கிறான். தள்ளிக்கொண்டு போயிருக்கிறான். அக்கா சொன்னதை அன்று ஒருநாள் மட்டும் கேட்டிருக்கிறான்.

பாலத்துக்கு அடியில் பலகைகளைத் தாங்கும் உத்தரம் நடுவில்தான் ஓடியது; ஓட்டிப் போன நாளெல்லாம் அவன் போனது அதன் மேல்தான். இன்று அதன் மேல் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவன் ஓரத்தில் நடந்திருக்கிறான். ஓரப் பலகை உளுத்து, புதுசாக முறிந்து தொங்கியது.

அந்த இருவரும் அவன் உடலைத் தூக்கி வந்தபோது மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஷூ தடங்களில் ஒவ்வொன்றாய்த் தண்ணீர் கட்டியது. ஈரப் பாலத்தில் சைக்கிள் வழுக்கிவிட்டது என்று விசாரிக்க வந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். வந்தவர் போனவரெல்லாம் அதையே சொன்னார்கள்.

நான்காம் நாள் ஸ்கேல் அண்ணன் வந்தார். வாசலோடு நின்றுவிட்டார்.

“நான் அந்த டயரைக் கொடுத்திருக்கக் கூடாதும்மா.”

“டயர் வழுக்கலண்ணா. இறங்கித்தான் போயிருக்கான். நான் தடத்தைப் பார்த்தேன். பலகைதான் முறிஞ்சுது.”

அவர் நிமிர்ந்தார். “நிஜமாவா?”

“நிஜமா.”

இறங்கச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த ஸ்கேலை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

யாரோ கொண்டுவந்து வைத்த சைக்கிள் சமையலறைச் சுவரில் சாய்ந்திருந்தது. ஈரத்துணி எடுத்துத் துடைக்க உட்கார்ந்தாள். பட்டன்களுக்கு நடுவில் அதிகம் சேறு இல்லை. முன்சக்கரத்தின் ஓரத்தில் மீசை அப்படியே இருந்தது. ஒரு முடிகூட உதிரவில்லை.