ஜெபக் குறிப்பு

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, புதன்கிழமை மாலை, தேவாலயத்தின் பின்னறையில் ‘கிறிஸ்துவைப் போல் பேசுவோம்’ வகுப்பு மூன்றாம் வாரமாக நடந்தது.

வகுப்புக்கு வந்திருந்த அவளை, ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் வேலை பார்ப்பதால், எல்லோரும் ஆயாம்மா என்றே கூப்பிட்டார்கள். சீழும் மலமும் அள்ளிக் கொட்டிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அடுத்த நிமிடமே சாப்பிட உட்காருகிறவள். அவளுக்கே அன்று குமட்டியது.

பக்கத்தில் கண்ணை மூடி, குரலில் தேனைக் குழைத்து ஜெபித்துக்கொண்டிருந்தவள் அவளுடைய நாத்தனார்.

“அன்பின் ஆண்டவரே, எங்க அண்ணி மகனுக்காகக் கெஞ்சுறோம்ப்பா. குடியை நிறுத்துற இல்லத்துலேருந்து ஞாயித்துக்கிழமை வர்றான். வேலைக்குப் போயிருக்கான்னு அண்ணி சொல்லிட்டிருக்கிற பொய்யையும் மன்னியும்ப்பா.”

‘யாருக்கும் தெரியாதுன்னா சர்ச்சுக்கு வரேம்மா’ என்று மகன் போனில் சொல்லியிருந்தான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உயிரோடு நடமாடினாள். நாத்தனார் ஒருத்தியிடம் மட்டும், தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு, வாயைத் திறந்திருந்தாள்.

“ஆமென்” என்றார்கள் சுற்றிலும். ஒருத்தி ஆயாம்மாவின் தோளைத் தடவிக் கொடுத்தாள். தடவியவளின் கண்ணில் ஈரம் இல்லை, பசி இருந்தது. தடவிய இடம் பிசுபிசுத்தது.

“அடுத்து நீங்க ஜெபிங்க ஆயாம்மா,” என்றார் போதகரின் மனைவி. “மனசுல இருக்கிறதை அன்பா சொல்லுங்க.”

மனசில் இருந்தது. நாத்தனாரின் கணவர் ஒரு வருடமாக வேறொருத்தி வீட்டில் இருக்கிறார். துணி மாற்ற மட்டும் வீட்டுக்கு வருகிறார். அது நாத்தனாரைத் தவிர ஆயாம்மா ஒருத்திக்குத்தான் தெரியும்.

“ஆண்டவரே, என் நாத்தனாருக்காக ஜெபிக்கிறேன். அவ புருஷன்...”

நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஓரக்கண்ணால் பார்த்தாள். கண்கள் மூடியிருக்க, எல்லா முகமும் முன்னால் நீண்டிருந்தது. பிரிக்காத புண்கட்டின் மேல் மொய்க்கும் ஈக்களை வார்டில் தினமும் விரட்டுகிறவள் அவள். தன் குரலிலும் அதே தேன் ஊறியிருந்தது. காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

“...நல்லா இருக்கட்டும். ஆமென்.”

வகுப்பு கலைந்ததும் நாத்தனாரின் முழங்கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனாள்.

“என்ன அண்ணி இப்படி இழுக்குறீங்க? ஜெபம்தானே பண்ணேன்?”

“ஆண்டவர் என்ன செவிடா? வீட்டுக் கதவைச் சாத்திட்டுப் பண்ணியிருந்தா அவருக்குக் கேட்டிருக்காதா? நீ இவங்களுக்குச் சொன்னே. உன் மூஞ்சியப் பார்க்கவே எனக்கு அருவருப்பா இருக்கு. இதை உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன், வேற ஒருத்தர்கிட்டயும் சொல்லமாட்டேன். உன் வீட்டு விஷயமும் அப்படித்தான்.”

நாத்தனாரின் முகம் வெளுத்தது. “இதுதான் கிறிஸ்து மாதிரி பேசுறதா அண்ணி?”

“தெரியலம்மா. இனிக்க இனிக்கப் பேச இன்னிக்கு எனக்கு வரல. இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்னு என் மகன்கிட்ட நீயே சொல்லிடு. அழாம சொல்லு.”

ஞாயிறு காலை மகன் வந்தான். நாத்தனார் சமையலறையில் அவன் எதிரே நின்று நடந்ததைச் சொன்னாள். அழவில்லை. அவன் கேட்டுக்கொண்டான். அன்று மூன்று பேருமே சர்ச்சுக்குப் போகவில்லை.