வரிக்குதிரையின் முதுகில் ஒன்பதாவது விதி

"மனித வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம். கையில் கொக்கி ஊசி ஏறுவதற்கு முன். ஏறியதற்குப் பின்." நூலகத்தின் மாடி அறையில் பின்னல் வட்டத்தைத் தொடங்கி வைத்தபோது தலைவி இப்படித்தான் ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பதினான்கு பேர். அதில் மூன்று பேர் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்து வழிதவறி மாடி ஏறியவர்கள். எழுந்து போனால் மரியாதையாக இருக்காதே என்று உட்கார்ந்து, அப்படியே உறுப்பினர்களாகிவிட்டார்கள்.

தலைவி ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. பணிக்காலத்தில் இடது கையால் எழுத வந்த நாற்பத்தோரு குழந்தைகளைச் சோத்தாங்கைக்கு மாற்றியிருக்கிறார். அதற்கு ஒரு மர அளவுகோல் உதவியாக இருந்தது. நாற்பத்தொன்று என்ற எண்ணை அவர் மறப்பதில்லை, பிறரை மறக்கவிடுவதும் இல்லை. வட்டத்துக்கும் பதினேழு விதிகள் எழுதி, தாளில் அடித்து ஆளுக்கொன்று கொடுத்திருந்தார். மூன்றாவது விதி: ஊசி சோத்தாங்கையில்தான் இருக்கவேண்டும்.

அந்த மூன்றாவது விதி யாருக்காக எழுதப்பட்டது என்பது தலைவியின் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வீட்டு மாடியில் அவர் தம்பியும் தம்பி மனைவியும் குடியிருந்தார்கள். தம்பி மனைவிக்கு எல்லாமே இடது கை. காய் நறுக்குவது, பூட்டுத் திறப்பது, பிள்ளையின் காதைத் திருகுவது உட்பட. கல்யாணமாகி வந்த வாரமே தலைவி அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார். பதினாலு வருடமாக அதே பெயர்தான்.

"ஏய் பீச்சாங்கை, அந்தத் தண்ணிய எடு."

"இந்தாங்க அண்ணி."

அவள் சிரித்துக்கொண்டேதான் கொடுப்பாள். வட்டம் ஆரம்பித்தபோது தானும் வரட்டுமா என்று கேட்டாள். "வட்டத்துக்குன்னு ஒரு கட்டுப்பாடு இருக்கும்மா" என்றார் தலைவி. 'அம்மா' என்று சேர்த்ததில் தன் பெருந்தன்மை வெளிப்பட்டுவிட்டதாக அவருக்கே ஒரு திருப்தி.

இப்போது ஒரு சின்ன விஷயம். வட்டம் தொடங்கி இரண்டு வருடமாகியும் தலைவி ஒரு பொம்மையைக்கூட முழுதாகப் போட்டதில்லை. வட்டமாகப் பின்னித் தம்ளருக்கு அடியில் வைக்கும் விரிப்பு போடுவார். விதி போடுவார். மற்றவர்கள் போட்டதைக் கையில் எடுத்து, தூக்கிப் பார்த்து, "ம்ம்" என்பார். அந்த "ம்ம்"முக்காக வட்டத்தில் சிலர் வாரக்கணக்கில் பிரித்துப் பிரித்துப் பின்னினார்கள்.

ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டிலிருந்து ஒரு நர்ஸ் வந்து, பிள்ளைகளுக்குப் பொம்மை கிடைக்குமா என்று கேட்ட அன்றுதான் வினை தொடங்கியது. ஆளுக்கொரு முயல் போட்டுத் தருகிறோம் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலைவி எழுந்துவிட்டார்.

"ஐந்து மிருகம். யானை, கரடி, முயல், ஆமை, வரிக்குதிரை. ஒரு முழு செட். ஒரே மனசு, ஒரே நூல், ஒரே கை. ஒரு மாதத்தில் நானே தருகிறேன்."

கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்தபோதுதான் தான் சொன்னது தலைவியின் காதில் விழுந்தது.

பொம்மையை வட்டவட்டமாக, மாடிப்படி மாதிரி சுற்றிச் சுற்றி ஏற்ற வேண்டும். முதல் சுற்றில் ஆறு கண்ணி, அடுத்ததில் பன்னிரண்டு, அதற்கடுத்ததில் பதினெட்டு. ஒவ்வொரு சுற்றும் எங்கே தொடங்கியது என்று தெரிய ஓர் ஊக்கு குத்திக்கொள்ள வேண்டும். விதி ஐந்து. எழுதியவரே ஊக்கு குத்த மறந்தார். யானையின் தலை ஒரு பக்கம் வீங்கி, மறுபக்கம் சப்பிப்போனது. உள்பக்கம் வெளியே வந்து கிடந்ததைப் பஞ்சு அடைத்த பிறகுதான் கவனித்தார். சாப்பாட்டு மேசையில் அது இருந்ததைத் தம்பி பார்த்தான்.

"அக்கா, இது யானையா, யானை போட்டதா?"

"வாய மூடிட்டு மாடிக்குப் போ."

மூன்று வாரம் போனது. ஒரு நாள் காலை, துணி உலர்த்தும் கவ்விகள் கேட்டு மாடிக்குப் போனவர், ஜன்னல் விளிம்பில் ஒரு முயலைப் பார்த்தார். உள்ளங்கை அளவு. காது ஒன்று நிமிர்ந்தும் ஒன்று மடங்கியும் இருந்தது. அது தவறு அல்ல. முயல் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறது.

"எங்க வாங்கின?"

"நான் போட்டதுதான் அண்ணி."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"போன்ல பாத்தேன். எல்லாரும் சோத்தாங்கையால போடுறாங்களா, எனக்குத் தல சுத்துது. அப்புறம் போனைக் கண்ணாடிக்கு முன்னாடி வச்சுட்டு, கண்ணாடியப் பாத்துக் கத்துக்கிட்டேன். கண்ணாடிக்குள்ள எல்லாரும் என்ன மாதிரிதான்."

தலைவி "ம்ம்" என்றார். கவ்விகளை வாங்காமலே இறங்கினார்.

உதவி கேட்பது என்பது தலைவியின் பழக்கத்தில் இல்லை. ஆகவே அவர் கேட்கவில்லை. நூல் கண்டுகளும் பஞ்சும் இருந்த பையைத் தூக்கிக்கொண்டுபோய் மாடிப்படியில் வைத்தார். மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்: "கீழ இடம் பத்தல. இது கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும். வரிக்குதிரைக்குக் கறுப்பும் வெள்ளையும் உள்ள இருக்கு. சும்மா சொன்னேன்."

பை சாயங்காலத்துக்குள் காணாமல் போனது. ஒன்பதாம் நாள் அதே படியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே ஐந்து மிருகங்களும் வரிசையாக உட்கார்ந்து தலைவியைப் பார்த்தன. அவற்றின் பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை. பெட்டியை மூடி, மேலே அட்டை எழுதி ஒட்டினார்: "ஐந்து மிருகங்கள், ஒரே கையால்." எழுதியதில் பொய் எதுவும் இல்லை என்று தனக்குத்தானே ஒரு தரம் சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை, வட்டம் கூடும் நாள். பெட்டி கனமில்லைதான், ஆனால் தலைவி பெட்டி தூக்கிக்கொண்டு நடப்பது நன்றாக இருக்காது. தம்பி மனைவி தூக்கி வந்தாள். நூலக மாடி அறையின் வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். உறுப்பினர் இல்லையே.

பொம்மைகள் மேசைக்கு வந்ததும் அறையில் "அய்யோ" என்ற சத்தம் எழுந்தது. அழகைக் கண்டால் வருகிற அய்யோ. நர்ஸ் ஆமையை எடுத்துத் திருப்பினாள்.

"கண்ணுக்குப் பட்டன் வைக்காம நூல்லயே தச்சிருக்கீங்களே. பிள்ளைங்க பிச்சு வாயில போட்டுக்கும்னு யோசிச்சிருக்கீங்க. பெத்தவங்களுக்குத்தான் இது தோணும்."

தலைவிக்குப் பிள்ளைகள் கிடையாது. பன்னிரண்டாவது விதியில் கண்ணுக்குக் கறுப்புப் பட்டன் என்று அவர்தான் எழுதியிருந்தார். ஆமையின் கண்ணை அப்போதுதான் அவர் முதல்முறையாகப் பார்த்தார்.

வட்டத்தில் கண்டக்டர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். மணிக்கட்டு முறிந்து கட்டுப் பிரித்ததும், விரலுக்குப் பயிற்சி என்று டாக்டர் சொல்லி வந்து சேர்ந்தவர். பதினேழு விதிகளையும் உண்மையிலேயே படித்த ஒரே உறுப்பினர் அவர்தான். படித்ததோடு விடாமல், சட்டைப்பையில் மடித்து வைத்து, வருகிற பொம்மையையெல்லாம் அதன்படி சோதித்துப் பார்ப்பார். முப்பது வருடம் டிக்கெட் சோதித்த கை, சும்மா இருக்குமா?

வரிக்குதிரையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"டீச்சர், ஒன்பதாவது விதி."

"என்ன?"

அவர் தாளைப் பிரித்து வாசித்தார்: "'நிறம் மாறும் இடங்களில் தெரியும் படிக்கோடு வலப்பக்கமாக ஏறவேண்டும். இடப்பக்கம் ஏறினால் பிடித்த முறை தவறு. பிரித்து மீண்டும் போடவும்.' நீங்க எழுதினதுதான. இங்க பாருங்க. கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. முதுகுல கோடு இடப்பக்கமால்ல ஏறுது?"

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஏறத்தான் செய்தது. அந்த விதியை எங்கோ ஒரு பழைய கைப்பிரதியிலிருந்து எடுத்து எழுதியவர் தலைவி. அதற்கு அர்த்தம் உண்டு என்பது அவருக்கே இப்போதுதான் தெரிந்தது.

"பரவால்ல டீச்சர், நூல் வீணாகாது. நான் பிரிச்சுத் தரேன்." கண்டக்டர் உதவும் மனம் படைத்தவர். பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து, வரிக்குதிரையின் வயிற்றில் முடிச்சு எங்கே என்று தேட ஆரம்பித்தார்.

வாசலில் ஓர் அசைவு. தலைவி நிமிர்ந்து பார்த்தார். தம்பி மனைவி ஓர் அடி உள்ளே வந்திருந்தாள். அவள் தலைவியைப் பார்க்கவில்லை. கத்தரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையை மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"நிறுத்துங்க!"

பள்ளிக்கூடத்துக் குரல். நூலகத்தின் கீழ்த்தளத்தில்கூட யாரோ புத்தகத்தை மூடினார்கள்.

"அது தப்பு இல்ல," என்றார் தலைவி. "இடது கைக்காரங்க போட்டா... அப்படித்தான் வரும்."

"இடது கையா? யாரு?"

ஒரு பெயர் சொன்னால் போதும். ஒரு பெயர்கூட வேண்டாம், வாசல் பக்கம் விரலை நீட்டினால் போதும். பதினான்கு பேரும் நர்ஸும் காத்திருந்தார்கள். தலைவியின் வாய் திறந்தது. பதினாலு வருடமாக அந்த வாய்க்குப் பழகின ஒரே பெயர்தான் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை இந்த அறையில், நர்ஸ் முன்னால், எப்படிச் சொல்வது?

"நான்தான்," என்றார்.

கண்டக்டர் கத்தரியை மடக்கினார். தாளை மறுபடி பார்த்தார். "அப்ப மூணாவது விதி?"

"அது உங்களுக்கெல்லாம்."

"அட்டையில 'ஒரே கையால்'னுதான் போட்டிருக்கு. எந்தக் கைன்னு போடல," என்று அவரே சமாதானம் ஆனார். "கரெக்டுதான். ரைட், ரைட்."

சிரிப்பு எழுந்தது. தப்பித்தோம் என்று தலைவி மூச்சு விடும்போதுதான் நர்ஸ் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"நானும் பொறவியில இடது கைதான் டீச்சர். ரெண்டாவது படிக்கும்போது ஸ்கேல்ல மொளிய மொளிய அடிச்சே மாத்திட்டாங்க. இன்னும் ஊசி போடும்போது ஒரு நிமிஷம் எந்தக் கைன்னு தடுமாறும்." தன் விரல் முட்டிகளைத் தடவிக்கொண்டாள். "நீங்க எப்படித் தப்பிச்சீங்க?"

தலைவி நாற்பத்தோரு பேரில் ஒருத்தியா இவள் என்று முகத்தைத் தேடினார். இல்லை. வேறு ஊர், வேறு பள்ளி, வேறு அளவுகோல். அது ஆறுதலாக இல்லை.

"எங்க டீச்சர்... நல்லவங்க," என்றார்.

"குடுத்து வச்சவங்க நீங்க," என்றாள் நர்ஸ். மனதாரச் சொன்னாள்.

அப்போது டீ வந்தது. தலைவியின் சோத்தாங்கை வழக்கம்போல் நீண்டது. பதினைந்து ஜோடிக் கண்களும் பார்த்துக்கொண்டிருந்ததால் பாதி வழியில் திரும்பியது. இடது கையால் தம்ளரை எடுத்தார். அது வாய்க்கு வருவதற்குள் பாதி மடியில் இருந்தது. சூடு தொடையில் இறங்கியது. அவர் முகத்தை மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"அடுத்த வியாழன் எங்களுக்குப் போட்டுக் காட்டணும் டீச்சர்," என்றார் கண்டக்டர். "கைய மாத்திப் போடுறது எப்படி இருக்கும்னு பாக்கணும்."

திரும்பும்போது இருவரும் தெருவில் சேர்ந்து நடந்தார்கள். காலிப் பெட்டியைத் தம்பி மனைவி சுமந்து வந்தாள். மருந்துக் கடை தாண்டியதும் தலைவி, "இப்படிக் குடு" என்று அதை வாங்கினார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் சொல்லியிருக்கணும்," என்றார், பெட்டியைப் பார்த்து.

"ஆமா," என்றாள் அவள்.

'பரவால்ல அண்ணி' வரும் என்று தலைவி தபால்பெட்டி வரை காத்திருந்தார். வரவில்லை. தெருமுனையில்தான் அவள் மறுபடி பேசினாள்.

"நீங்க கத்தலேன்னா அவரு பிரிச்சிருப்பாரு."

"ம்ம்."

"அடுத்த வாரம் என்ன பண்ணப் போறீங்க?"

தெரியாது என்று சொல்லித் தலைவிக்குப் பழக்கமில்லை. வீட்டு வாசலில் நின்று, "ஏய்..." என்று ஆரம்பித்தார். அடுத்த வார்த்தையைச் சொல்லாமல் பெட்டியைக் கீழே வைத்தார். அந்தப் பெயர் இப்போது ஊரறிய அவருடையது.

"கண்ணாடி மாடியிலதான் இருக்கு," என்றாள் தம்பி மனைவி. "வாங்க. சோத்தாங்கையப் பின்னால கட்டிக்கிட்டு உக்காரணும், சொல்லிட்டேன்."

சொன்னபடியே உட்கார வைத்தாள். தலைவியின் சோத்தாங்கை அடிக்கடி திருட்டுத்தனமாக முன்னால் வரும். வரும்போதெல்லாம் தம்பி மனைவி ஊசியின் பின்புறத்தால் விரல் முட்டியில் ஒரு தட்டு தட்டுவாள். வலிக்காத தட்டுதான். தலைவி ஒவ்வொரு தட்டுக்கும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். தம்பி கதவோரம் நின்று எட்டிப் பார்த்து, "நாப்பத்திரெண்டு" என்றான். அவனை இருவருமே முறைத்தார்கள்.

அடுத்த வியாழன் தலைவி இடது கையால் ஒரு சுற்று போட்டுக் காட்டினார். மூன்றாவது விதி தாளிலிருந்து எடுக்கப்பட்டது. காரணம் சொல்லப்படவில்லை. தம்பி மனைவி இப்போது வட்டத்தில் உறுப்பினர். தலைவியிடம் கற்றுக்கொண்டவள் என்று கண்டக்டர் எல்லாரிடமும் சொல்கிறார். அவளும் மறுக்கவில்லை, தலைவியும் திருத்தவில்லை. ஐந்து மிருகங்களும் வார்டில் இருக்கின்றன. அவற்றைப் போட்டது யார் என்று இன்றுவரை இருவரும் வட்டத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமைகளில் தலைவி அடர்பழுப்பு நிறத்தில்தான் உடுத்தி வருகிறார். அதில் டீக்கறை தெரியாது.